ஆயுள் அங்கி

காலையில் மணிக்கட்டோடு நின்ற அங்கியின் பட்டுக் கை, மதியம் சோற்றுக் கிண்ணத்தை எடுக்கப்போனபோது சியூ தாவ்மிங்கின் விரல்களை மூடியிருந்தது.

உப்பு விற்றே கடலை வற்றவைத்தவர் என்று யாங்சோ நகர் முழுக்கப் பெயரெடுத்த மனிதர். அவருடைய கருநீல அங்கியில் 'ஆயுள்' என்ற எழுத்து தங்க இழையில் கழுத்து முதல் விளிம்பு வரை மொய்த்திருந்தது. கல்யாணமாகாத சின்னப் பெண் ஒருத்தியைக் கொண்டு தைத்தது. அவள் இனி வாழவேண்டிய வருஷங்கள் தையல் வழியே துணியில் இறங்கும்; பிறந்தநாளன்று உடுத்தினால் உடம்பில் ஏறும். மற்ற நாளெல்லாம் அது பெட்டியில் கிடக்கவேண்டும், கடைசியில் அவரோடு சவப்பெட்டிக்குப் போகவேண்டும். அந்த ஒரு நாள் போதுமா இவருக்கு? குளிர் தொடங்கியதிலிருந்து கழற்றவே இல்லை.

"தூங்கும்போதுகூடப் போட்டுக்கிறீங்களே, நூறைத் தாண்டி என்னதான் செய்யப்போறீங்க?" என்பாள் மனைவி மெய்சின்.

"உன்னை அனுப்பிட்டு இன்னொருத்தியைக் கட்டிக்கத்தான்."

இன்று அவருக்கு எழுபதாவது பிறந்தநாள். கூடம் நிறைய விருந்தாளிகள்.

"கை நீண்டிருக்கு, பாரு."

"ஈரக்காத்துல பட்டு இளகும்ங்க. வாங்க, எல்லாரும் காத்திருக்காங்க."

எழுந்தார். விளிம்பு தரையில் மடிந்து புரண்டது. துணி வளரவில்லை. சாப்பாட்டு மேஜை அவர் மார்புக்கு வந்திருந்தது.

பெரிய நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வெளியே பட்டாசு வெடித்தது, ஊதுவத்திப் புகை வந்தது, அதையும் மீறி அங்கிக்குள்ளிருந்து மூடிய பெட்டியின் கற்பூர வாடை அவர் மூக்கில் ஏறியது. கால் தரைக்கு எட்டவில்லை. கழுத்துப்பட்டி காதைத் தொட்டது. கழற்றவேண்டும், இப்போதே கழற்றினால்தான் பிழைப்பார். பொத்தானைத் தேடினார். விரல்கள் கைக்குழாய்க்குள் எங்கோ தடவின. வாயைத் திறந்தார். சரசரப்பு மட்டும் கேட்டது.

சறுக்கினார்.

நீல இருட்டு. எங்கும் பட்டு. வெதுவெதுப்பு.

மேலே யாரோ இருமினார்கள். அவருடைய இருமல்.

மகன் மண்டியிடும் ஓசை. "அப்பா, தெற்கு மலை மாதிரி நெடுநாள் இருக்கணும்."

"இருப்பேன்டா," என்றது அவர் குரல், மேலிருந்து. "நீ அலுத்துப்போற வரைக்கும் இருப்பேன்."

கூடமே சிரித்தது.

கழுத்தருகே ஒரு கீற்று வெளிச்சம். தையலைப் பிடித்து ஏறினார். நழுவினார். மறுபடி ஏறினார்.

"மெய்சின், கழுத்துல காத்தடிக்குது," என்றது அவர் குரல்.

அவள் விரல்கள் வந்தன. மலைபோல் பெரிய விரல்கள். அவற்றைப் பார்த்துக் கத்தினார். உயிரைக் கொடுத்துக் கத்தினார்.

"அடேயப்பா, பட்டு என்னமா சரசரக்குது!" என்றபடி அவள் கடைசிப் பொத்தானைப் போட்டாள்.