ஜன்னலில் காய்ந்த வானம்

அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் அவளை எல்லோரும் 'எறும்பு' என்றுதான் கூப்பிட்டார்கள். வயது பத்து. எப்போது பார்த்தாலும் தன்னைவிடப் பெரிய எதையாவது தூக்கிக்கொண்டு படியேறிக்கொண்டிருப்பாள். பழைய நாட்காட்டி, கிழிந்த பட்டம், யாரோ தூக்கிப் போட்ட உலக வரைபடம். எல்லாம் சித்திக்காக.

மூன்றாம் மாடியில் இருந்த சித்தி படம் செய்பவள். வரைபவள் இல்லை, செய்பவள். காகிதங்களைக் கையால் கிழித்து, பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவாள். கத்தரிக்கோலைத் தொடவே மாட்டாள். கத்தரித்த ஓரம் முறைத்துக்கொண்டு நிற்குமாம், கிழித்த ஓரம்தான் பக்கத்துக் காகிதத்தோடு பேசுமாம். கிழிக்கிற காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்க்கமாட்டாள். படிக்க ஆரம்பித்தால் கை நின்றுவிடும், எனக்கு நிறம் போதும் என்பாள்.

அம்மாவும் அப்பாவும் வேலையிலிருந்து வரும் வரை எறும்புக்குச் சித்தியின் அறைதான் வீடு. அங்கே தரையில் கால் வைக்க இடம் தேட வேண்டும். சிவப்புக் காகிதங்கள் ஒரு குவியல், பச்சை ஒரு குவியல். காற்று வந்தால் எல்லாம் மெதுவாக எழுந்து, கொஞ்சம் யோசித்துவிட்டு, மறுபடி உட்காரும்.

தெருமுனை நூலகத்தில் சனிக்கிழமை ஒரு கண்காட்சி நடக்கவிருந்தது. அந்தத் தெருவில் இருப்பவர்கள் செய்த படங்கள் மட்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு சின்ன அட்டை வைக்க வேண்டும். 'இந்தப் படம் எங்கிருந்து வந்தது?' என்ற கேள்விக்கு அந்த அட்டையில் பதில் இருக்கும். எறும்பின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால், எல்லோரையும் கேட்டு எழுதும் வேலையை நூலகர் அவளிடம் கொடுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அவள் அட்டைகளோடு கிளம்பினாள். பேருந்து ஓட்டுநர், தன் வண்டியின் பக்கக் கண்ணாடியில் தெரிவதை மட்டுமே வரைபவர். முன்னால் வருவதை எல்லோரும்தான் பார்க்கிறார்கள், பின்னால் போவதை யார் பார்க்கிறார்கள் என்று அவளையே திருப்பிக் கேட்டார். தையல்கார அக்கா வெட்டி விழுந்த துணித் துண்டுகளை ஒட்டி மீன்கள் செய்திருந்தாள். ஏன் மீன் என்று கேட்டதற்கு, மின்விசிறியைப் போட்டுக் காலடியைக் காட்டினாள். தரையில் கிடந்த துண்டுகள் நிஜமாகவே நீந்தின.

சித்தியின் பதில் காலையிலேயே கிடைத்துவிட்டது.

"குப்பைக்கூடையிலேருந்து வந்துச்சுன்னு எழுது. அதானே உண்மை?"

கடைசியாகக் கீழ்த்தளத்தில் மேக மாமா. அவர் மேகங்களைத் தவிர வேறெதையும் வரையமாட்டார். அவருடைய அறையில் சுவர் முழுக்க மேகங்கள். ஆட்டுக்குட்டி போல ஒன்று, உடைந்த படகு போல ஒன்று, கோபித்துக்கொண்ட சமையல்காரர் போல ஒன்று. ஆனால் அன்றைக்கு நடுவில் நின்ற சட்டகத்தில் வெறும் வெள்ளைத் துணிதான் இருந்தது. தூரிகைகள் உலர்ந்துபோய்க் குவளையில் நின்றன.

"என் அட்டையை எழுத வேண்டாம்மா," என்றார். "இந்தத் தடவை நான் படம் வைக்கல."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஆனால் போகவும் இல்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் தெரியும். அவர் வரையும் மேகங்கள் அவர் பார்த்தவை இல்லை, அவருடைய அக்கா பார்த்தவை. அக்கா வெகு தூரத்தில், போன்கூடச் சரியாகக் கிடைக்காத ஒரு தீவில், வானிலை நிலையத்தில் வேலை பார்க்கிறார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எத்தனை மேகம், என்ன உயரம் என்று தினமும் குறித்து அனுப்புவது அவர் வேலை. வேலைக்கு உதவாத மேகங்களைத் தம்பிக்குக் கடிதமாக எழுதிவிடுவார். மாதம் ஒருமுறை படகில் அந்தக் கடிதம் வரும்.

"அவ பாக்குறா. நான் வரையுறேன். அவ்வளவுதான்."

இந்த மாதப் படகு வந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. கடிதம் வரவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு மாதம்கூட அக்கா எழுதாமல் இருந்ததில்லையாம். உடம்புக்கு என்னவோ என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. அதை மறைக்க, அலமாரியிலிருந்து பழைய கடிதங்களை எடுத்துக் காட்டினார். வெளிர்நீலக் காகிதம். ஊதா மை. எழுத்துகள் கொஞ்சம் சாய்ந்து, எதிர்க்காற்றில் நடப்பவை போல இருந்தன.

எறும்பு படியேறினாள். முதல் மாடி வரை ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாம் மாடியில் கால்கள் மெதுவாகின. அந்த நீலத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. மூன்றாம் மாடிக்கு வந்து சித்தியின் கதவைத் தள்ளியதும், எங்கே என்று தெரிந்துவிட்டது.

சித்தியின் படம் ஜன்னல் கண்ணாடியில் காய்ந்துகொண்டிருந்தது. மெல்லிய காகிதத்தில் ஒட்டிய படங்கள் சுருங்காமல் இருக்க, ஓரங்களில் நாடா ஒட்டி அவற்றைக் கண்ணாடியில்தான் சித்தி காயவைப்பாள். கீழே தெருவின் கூரைகள், பழுப்பு உறைகளாலும் பழைய பயணச்சீட்டுகளாலும் ஆனவை. மேலே பெரிய வானம். முழுக்க வெளிர்நீலம். அதில் ஊதா நிறத்தில், தூரத்துப் பறவைகள் மாதிரி, எழுத்துகள்.

எறும்பு கிட்டே போனாள். ஒரு துண்டில் 'தம்பி' என்று இருந்தது. எழுத்துகள் எதிர்க்காற்றில் சாய்ந்திருந்தன.

அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு நாளுக்கு முன் நல்ல மழை. மாடிப்படியின் கீழே வரிசையாகத் தபால் பெட்டிகள் இருக்கும், அவற்றின் அடியில் வேண்டாத காகிதம் போடும் கூடை. மேக மாமாவின் பெட்டிக்கு அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை. அன்றைக்குக் கூடையில் நனைந்து நைந்த உறை ஒன்று கிடந்தது. பெயர் கரைந்து ஊதாக் கறையாகியிருந்தது. யாரோ வேண்டாம் என்று போட்டது என்றுதான் நினைத்தாள். சித்திக்குப் பிடித்த நீலமாயிற்றே என்று குதித்துக்கொண்டு எடுத்து வந்தாள்.

யாருக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. மூன்று வாரம் குனிந்து உட்கார்ந்து செய்த படம் நாளைக்குச் சுவரில் தொங்கும், எல்லோரும் சித்தியைப் பாராட்டுவார்கள். ஆனால் கீழ்த்தளத்தில் இறங்கிப்போன அந்தக் குரல் காதைவிட்டுப் போகவில்லை.

"சித்தி," என்றாள். "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

சித்தி முழுவதையும் கேட்டாள். பிறகு வானத்தின் முன்னால் போய் நின்று, தான் கிழித்ததை முதல்முறையாகப் படித்தாள். முகம் சுருங்கியது. மேசையிலிருந்து மெல்லிய தகட்டுக் கத்தியை எடுத்தாள்.

"பிச்சிடலாம். கடிதம் அவரோடது. எனக்கு வேற வானம் கிடைக்கும்."

சொல்லிவிட்டாளே தவிர, கத்தி நகரவில்லை. பசை நன்றாக இறுகியிருந்தது. பிய்த்தால் வானமும் போகும், கடிதமும் போகும்.

அப்போதுதான் சூரியன் எதிர்க்கட்டடத்தின் பக்கவாட்டில் இறங்கி, நேராக அந்த ஜன்னலுக்கு வந்தது. வெளிச்சம் படத்துக்குப் பின்னாலிருந்து ஊடுருவியது. ஒரு துண்டின் கீழே ஒளிந்திருந்த இன்னொரு துண்டு தெரிந்தது. அதன் கீழே இருந்த எழுத்தும் தெரிந்தது. வானம் முழுக்க ஊதா வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

"இரு சித்தி. பிய்க்க வேண்டாம். படிக்க முடியுது."

சித்தி அவசரமாக ஒரு தாளை நீட்டி, தெரிகிற வரைக்கும் எழுதி எடு என்றாள். எறும்பு பென்சிலை எடுத்தாள். முதல் துண்டில், 'நீ பயப்படாதே' என்று இருந்தது. அதை எழுதப் போனவள் நிறுத்திவிட்டாள்.

"இது நாம படிக்கிற கடிதம் இல்லையே சித்தி."

மூன்று மாடியையும் மூச்சு வாங்காமல் இறங்கினாள். மேக மாமாவின் கதவைத் தட்டி, நடந்ததைச் சுருக்கமாக, ஒளிக்காமல் சொன்னாள். கண்ணில் நீர் முட்டியது. துடைக்க நேரமில்லை.

"திட்டுறதுன்னா அப்புறம் திட்டுங்க மாமா. இப்ப உடனே வாங்க. வெயில் போயிடும்."

அவர் செருப்பைக்கூடப் போடாமல் வந்தார்.

ஒளி ஊடுருவிய அந்த வானத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு ஒரு முக்காலியைப் போட்டு ஏறினார். சில துண்டுகள் நேராக, சில தலைகீழாக, சில சாய்வாக இருந்தன. அவர் கழுத்தை ஆந்தை மாதிரி அப்படியும் இப்படியும் திருப்பினார். வேண்டுமானால் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கட்டுமா என்று சித்தி கேட்டாள். பயத்தில் சொன்ன நகைச்சுவைதான். ஆனாலும் அவர் சிரித்துவிட்டார்.

பின்பக்கம் திருப்பி ஒட்டியிருந்த துண்டுகளில் எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரிந்தன. எறும்பு ஓடிப்போய்ச் சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி வந்தாள். அவர் வானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, கண்ணாடிக்குள் பார்த்துப் படித்தார். அக்காவின் கையெழுத்தும் பேசும் விதமும் அவருக்குப் பழக்கம். எந்தத் துண்டுக்குப் பிறகு எது என்று கண்டுபிடித்துக் கோத்தார். உதடு மட்டும் அசைந்தது. சட்டென்று தோள்கள் தளர்ந்தன.

"கால் சுளுக்காம்," என்றார். "படியில வழுக்கிட்டாளாம். வேற ஒண்ணும் இல்லையாம்."

அதன் பிறகு மீதியை அவராகவே சத்தமாகப் படித்தார்.

"'பத்து நாள் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்கிறார்கள். அதனால் இந்த மாதம் உனக்கு முழு வானம் கிடையாது. ஜன்னலில் தெரிகிற கைக்குட்டை அளவு வானம்தான். நேற்று அதற்குள் ஒரே ஒரு மேகம் வந்து நின்றது. நான் பார்க்கட்டும் என்று காத்திருந்த மாதிரி. அது எப்படி இருந்தது தெரியுமா? அச்சு அசலாக ஒரு...'"

அவர் நிறுத்தினார். அடுத்த துண்டில் மை மழையில் கரைந்திருந்தது. ஊதாக் கறை மட்டும்தான். கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார், கிட்டே போய்ப் பார்த்தார். பூனையாக இருக்கும் என்றாள் சித்தி. தலையணை என்றாள் எறும்பு.

மாமா ஜன்னல் பக்கம் திரும்பினார். படம் முடிந்த இடத்துக்குப் பக்கத்தில் ஜன்னல் கண்ணாடி கொஞ்சம் காலியாக இருந்தது. அதன் வழியாக நிஜ வானம் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கூரைகளுக்கு மேலே ஒரு சின்ன மேகம், ஓரத்தில் மஞ்சள் ஏறி, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"நான் இந்தத் தெருவுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு," என்றார் மெதுவாக. "இந்த வானத்த இன்னிக்குத்தான் பாக்குறேன்."

சூரியன் இறங்கியது. எழுத்துகள் ஒவ்வொன்றாக வானத்துக்குள் திரும்பிப் போயின. சித்தி மறுபடியும் தகட்டுக் கத்தியை எடுத்து, எவ்வளவு முடியுமோ அவ்வளவு பிரித்துத் தருகிறேன் என்றாள். அவர் வேண்டாம் என்று கையை அசைத்தார். அக்காவின் வானத்தை இதுவரை நான் ஒருவன்தான் பார்த்திருக்கிறேன், நாளைக்குத் தெருவே பார்க்கட்டும் என்றார். எறும்பைத் திட்டவே மறந்துபோனார். தண்ணீர், வெள்ளை, கொஞ்சம் மஞ்சள் என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார்.

சனிக்கிழமை காலையில் நூலகத்துக்குக் கடைசியாக வந்த படம் அவருடையதுதான். கைக்குட்டை அளவுதான் இருந்தது. இன்னும் ஈரம் காயவில்லை, அதனால் நூலகர் அதன் பக்கத்திலேயே நின்று காவல் காத்தார். அதில் ஒரே ஒரு மேகம். அது எது மாதிரி இருக்கிறது என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. தூங்கும் நாய் என்றார் பேருந்து ஓட்டுநர். மடித்து வைத்த போர்வை என்றாள் தையல்கார அக்கா. இருவரும் மதியம் வரை விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குப் பக்கத்திலேயே சித்தியின் பெரிய நீல வானம் தொங்கியது. பார்க்க வந்தவர்கள் இரண்டுக்கும் நடுவில் நின்று, எதைப் பார்ப்பது என்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எறும்பு, மாமாவின் அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். இரண்டு படங்களையும் புகைப்படம் எடுத்து உள்ளே வைத்தாள். முடிக்கும் முன், அந்த மேகம் எது மாதிரி இருந்தது என்றும் கேட்டாள். பிறகு மாமாவோடு சேர்ந்து, அவருடைய தபால் பெட்டிக்குப் புதுத் தகடு அடித்தாள்.

அடுத்த மாதப் படகில் பதில் வந்தது. கால் சரியாகிவிட்டது, இப்போது முழு வானத்தையும் பார்க்கிறேன் என்று அக்கா எழுதியிருந்தார். அந்த மேகம் எது மாதிரி இருந்தது என்பது அவருக்கே மறந்துபோய்விட்டதாம். தம்பி வரைந்ததைப் பார்த்தால், அதுதான் என்று தோன்றுகிறதாம்.

உறை வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. மாமா கவிழ்த்துத் தட்டியதும் இரண்டு கடிதங்கள் விழுந்தன. இரண்டிலும் வரிக்கு வரி ஒரே விஷயம்தான். எதற்காக ஒன்றையே இரண்டு தடவை எழுதினார் என்று புரியாமல் மாமாவும் எறும்பும் திருப்பிப் பார்த்தார்கள்.

ஒன்றின் மேல் மூலையில் 'படிக்க' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில், 'கிழிக்க'.