கிழக்குக் காற்றில் ஒரு முதுகு

பயணத்தின் மூன்றாம் நாள், மதியம் ஒரு மணி இருக்கும். கடலணையின் அடியிலிருந்த சின்னக் கடையில் நானும் என் தங்கை நின்காவும் பட்டாணி சூப் குடித்தோம். பிறகு சைக்கிள்களை உருட்டிக்கொண்டு அணையின் மேல் ஏறி, கடல் பக்கமாக இறங்கினோம்.

அந்தப் பக்கம் இறங்கிவிட்டால் ஊர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. வலது கையில் புல் மூடிய அணை சுவராக எழுந்து நிற்கும். இடது கையில் கருங்கல் சரிவு, அதற்கப்பால் கடல். அப்போது கடல் உள்வாங்கி நீர் வற்றியிருந்த நேரம். அடிவானம் வரைக்கும் சாம்பல் நிறச் சேறு மட்டும் பளபளத்துக்கொண்டிருந்தது. நடுவில், ஆட்டுப் புழுக்கை சிதறிய தார்ப்பாதை ஒன்று கிழக்கே நேராகப் போனது. அடுத்த ஊருக்குப் பதினாறு கிலோமீட்டர்.

காற்று கிழக்கிலிருந்து அடித்தது. எங்கள் ஃப்ரீஸ்லாந்துக் கரையில் வருடத்தில் முக்கால்வாசி நாள் மேற்குக் காற்றுதான். அதை நம்பித்தான் இந்தத் திசையில் கிளம்பியிருந்தோம். கடலோரமாகவே ஜெர்மனி, அப்புறம் டென்மார்க், மொத்தம் ஆறு வாரம். ஆனால் அன்றைக்குக் காற்று முகத்தில் கை வைத்துத் தள்ளியது. நாலு பை கட்டிய சைக்கிள் மிதிக்க மிதிக்க நின்ற இடத்திலேயே நிற்பது போலிருந்தது.

எனக்கு அது பிடித்திருந்தது. நான் அப்படிப்பட்டவள். நாற்பத்தொரு வயதிலும் எதிர்க்காற்று என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். நின்காவுக்கு என்னைவிட ஐந்து வயது குறைவு, முகம் மட்டும் அப்படியே என்னுடையது. அந்தக் குளிர்காலம் முழுக்க நிமோனியாவில் படுத்துக் கிடந்தவள். வேண்டாம் என்றவளை இழுத்துக்கொண்டு வந்தது நான்தான்.

"அக்கா!" பின்னாலிருந்து கத்தினாள். "கொஞ்ச நேரம் உன் பின்னாடி ஒட்டிக்கிட்டு வரட்டுமா? நெஞ்சு வலிக்குது."

சைக்கிளில் தூரம் போகிறவர்களுக்கு இது தெரியும். முன்னால் போகிறவரின் முதுகுதான் பின்னால் வருகிறவருக்குக் கூரை. ஒரு சக்கர இடைவெளியில் ஒட்டிக்கொண்டால் பாதி காற்றை முன்னால் இருப்பவர் தின்றுவிடுவார். நண்பர்கள் மாறி மாறி முன்னால் போவார்கள். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் வருவது பிச்சை எடுப்பது என்று சொல்லித்தான் அப்பா எங்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தார்.

"வலிக்கட்டும். வலிச்சாத்தான் நுரையீரல் விரியும்."

"பத்தே நிமிஷம் அக்கா."

"டென்மார்க் வரைக்கும் என் முதுகைப் பாத்துக்கிட்டே வரப்போறியா? அதுக்கு என் போட்டோவை வீட்டுல மாட்டிட்டு எதிர்ல உக்காந்திருக்கலாமே."

சற்று நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். சத்தமில்லாமல் வந்து ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய முன் சக்கரம் என் பின் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி உருண்டுகொண்டிருந்தது. தலையைக் கவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டு மிதித்தாள்.

நான் பிரேக்கை லேசாகத் தொட்டேன்.

லேசாகத்தான். சக்கரங்கள் உரசின. அவள் பக்கவாட்டில் விழுந்து தாரில் தேய்ந்தாள். கால்சட்டை கிழிந்து முழங்காலிலிருந்து ரத்தம் வந்தது. அவள் அழவில்லை. அண்ணாந்து என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். எனக்கு அதுவே எரிச்சலாக இருந்தது.

"எந்திரி. அடுத்த ஊர்ல காபி சொல்லி வைக்கிறேன். ஆறிப்போறதுக்குள்ள வந்து சேரு."

சொல்லிவிட்டு மிதித்தேன். அரை மணி நேரம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பார்த்தபோது அவள் சின்னப் புள்ளியாகத் தெரிந்தாள். அடுத்த முறை பார்த்தபோது அந்தப் புள்ளி பெரிதாகியிருந்தது. மூன்றாம் முறை பார்த்தபோது அவளுக்கு முன்னால் ஒரு ஆள் இருந்தான்.

சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு. பையில்லாத கறுப்பு சைக்கிள். குனியாமல், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனைப் போல நிமிர்ந்து வந்தான். அந்தக் காற்றில் என் கழுத்துத் துணி சாட்டை மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அவனுடைய கோட்டின் ஓரம் அசையவில்லை.

அவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். டயர் தாரில் உருளும் சத்தம் கேட்கவில்லை. ஈரக் கம்பளியும் சேறும் கலந்த வாடை மட்டும் வந்தது.

"நின்கா! யாருடி அது?"

அவள் முகம் திரும்பவில்லை. அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பசி தீரப் பால் குடித்துவிட்டுத் தூங்கும் குழந்தையின் வாய் போல.

"இங்க காத்தே இல்ல அக்கா," என்று மெதுவாகச் சொன்னாள். அந்த இரைச்சலிலும் காதருகே சொன்னது போலக் கேட்டது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. எவனோ ஒருவனின் முதுகுக்குப் பின்னால் போய் என்னை முந்துகிறாள் என்று. எழுந்து நின்று மிதித்தேன். இருபது அடி இடைவெளி முப்பதானது, ஐம்பதானது. அவர்களுடைய கால்கள் நிதானமாகத்தான் சுற்றின.

பாதையின் குறுக்கே ஆடுகள் தாண்டாதபடி போட்ட இரும்புக் கதவு ஒன்று வந்தது. நான் எட்டியபோது அது சாத்தி, கொக்கி மாட்டியிருந்தது. அவர்கள் கதவுக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். வேலி ஓரத்தில் ஒரு கிழ விவசாயி கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார்.

"இப்பத் தாண்டிப் போனாங்களே, அந்த ஆளு யாருங்க?"

"யாரும் போகலையே. காலைலேர்ந்து இந்தக் கொக்கியை யாரும் தொடல."

"அதோ போறாங்க பாருங்க! பின்னாடி போறது என் தங்கச்சி!"

அவர் நான் காட்டிய பக்கம் பார்க்கவில்லை. கம்பி முறுக்கிய இடுக்கியைப் பைக்குள் போட்டார்.

"கிழக்குக் காத்து அடிக்கிற அன்னைக்கு நான் அந்தப் பக்கம் பாக்கறதில்லம்மா," என்றார். புல் சரிவில் ஏறி, ஊர்ப் பக்கம் இறங்கி மறைந்துபோனார்.

அப்போதுதான் எனக்குக் கோபம் போய்ப் பயம் வந்தது.

பைகளை அவிழ்த்துக் கதவருகே போட்டுவிட்டு வெறும் சைக்கிளில் துரத்தினேன். தொண்டையில் ரத்த ருசி வந்தது. கண்ணில் வழிந்த நீரைக் காற்று காதுக்குத் துடைத்துத் தள்ளியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் அவளுடைய பின் சக்கரம் பத்தடிக்கு வந்தது. ஐந்தடி. ஒரு சாண்.

காற்று நின்றது.

கதவைச் சாத்தியது போல நின்றது. கடல் பறவைகளின் சத்தமும் இல்லை. என் மூச்சுச் சத்தமும் இல்லை. அடுப்பங்கரையில் உட்கார்ந்திருப்பது போல இதமாக இருந்தது. கால்கள் தானாகச் சுற்றின. நாற்பத்தொரு வருடத்தில் நான் ஒருநாள்கூட அப்படி இளைப்பாறியதில்லை. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவளைக் காப்பாற்றத்தான் வந்தேன் என்பதை அங்கே முழுசாக மறந்துபோனேன்.

"வந்துட்டியா அக்கா?" என்றாள் நின்கா, திரும்பாமலே.

"வந்துட்டேன்."

"நல்ல வேளை. கடைசில இருக்கறவங்களுக்குத்தான் முதுகுல குளிருது. இப்ப நான் கடைசி இல்ல."

"முன்னாடி போறது யாருடி?"

"எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரியும். அவருக்கு அவர் முன்னாடி இருக்கறவங்க முதுகு."

அப்போது அணை மெல்ல வலப்பக்கம் வளைந்தது. என்னைத் தாண்டியபோது என் கண்ணுக்குத் தெரியாதவர்கள், நானும் வரிசையில் சேர்ந்த பிறகு, வளைவில் பிரிந்து தெரிந்தார்கள்.

சாம்பல் கோட்டுக்காரனுக்கு முன்னால் மஞ்சள் மழைச்சட்டை போட்ட ஒரு பெண். அவளுக்கு முன்னால் முதுகுப்பை மாட்டிய ஒரு இளைஞன். அவனுக்கு முன்னால் நீளப் பாவாடைக்காரி ஒருத்தி. அப்புறம் ஒரு பாதிரியாரின் கறுப்பு அங்கி. நாற்பது, ஐம்பது, அதற்கு மேல் எண்ண முடியவில்லை. எல்லோருடைய கால்களும் ஒரே கணக்கில் சுற்றின. யாரும் தலை நிமிரவில்லை. முன்னால் இருந்தவர்களின் உடையில் நிறம் இல்லை, அதற்கும் முன்னால் இருந்தவர்களுக்கு உடையே இல்லை, தோலும் போயிருந்தது. முழங்கால் எலும்புகள் மட்டும் ஏறி இறங்கின.

வரிசையின் தலைப்பகுதி பாதையை விட்டு இறங்கியிருந்தது. படகு இறக்கும் கல் சரிவு வழியாகச் சேற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. சக்கரங்கள் புதையவில்லை.

"நின்கா, நிறுத்து."

"முடியாது அக்கா."

"பிரேக்கைப் பிடிடி!"

"பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவளுடைய கைகளைப் பார்த்தேன். இரண்டு பிரேக்கும் கடைசிவரை அழுந்தியிருந்தன. விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

கல் சரிவு நெருங்கியது. நின்கா ஒரு கையை எடுத்துப் பின்னால் நீட்டினாள். விரல்கள் விரிந்து என்னைத் தேடின. குனிந்தால் பிடித்திருக்கலாம். என்னால் அவளை இழுத்திருக்க முடியுமா, இல்லை அவளோடு நானும் போயிருப்பேனா, இதற்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. அந்த நொடியில் நான் யோசிக்கவும் இல்லை.

நான் பிரேக்கைப் பிடித்தேன்.

காற்று செங்கல் சுவர் மாதிரி வந்து மோதியது. சைக்கிளோடு கீழே விழுந்தேன். அப்போதுதான் அவள் திரும்பினாள். அந்த முதுகுக்குப் பின்னால் சேர்ந்த பிறகு முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, குளிருது!" என்று கத்தினாள். "அக்கா, நான் கடைசி!"

அவர்கள் சேற்றின் மேல் போனார்கள். வெயில் பளிச்சென்று இருந்தது. வெகுநேரம் வரை தெரிந்தார்கள். பிறகு நீர் ஏறத் தொடங்கியது.

மீட்புப் படகு வந்தது, ஹெலிகாப்டர் வந்தது. நீர் மூடுவதற்கு முன்னால் சேற்றில் ஒரு டயர்த் தடம் பார்த்ததாகச் சொன்னார்கள். ஒரே ஒரு தடம். உங்கள் தங்கைக்கு மனசு சரியில்லாமல் இருந்ததா என்று போலீஸ்காரர் தணிவாகக் கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். ஒருத்தரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை.

அதிலிருந்து நான்காம் நாள் ஒரு மணல் திட்டில் அவள் கிடைத்தாள். முழங்கால் காயத்தைப் பற்றிக் கேட்டார்கள். வழியில் விழுந்தாள் என்றேன். பரிசோதித்த டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மேஜை மேலிருந்த பேனாவை நகர்த்திக்கொண்டே இருந்தார்.

"நுரையீரல்ல தண்ணி இல்லைங்க. மூழ்கிச் சாகல. தொடைத் தசையெல்லாம் நார் நாராக் கிழிஞ்சிருக்கு. நிறுத்தாம மிதிச்ச மாதிரி."

"எவ்வளவு நேரம்?"

"அதுதான் எனக்குப் புரியல. உயிர் போனது இன்னைக்குக் காலைலதான்."

நாலு நாள். ராத்திரி பகலாக, கடைசி ஆளாக, முதுகில் குளிரோடு.

அதற்குப் பிறகு நான் சைக்கிளைத் தொடவில்லை. சைக்கிள் இல்லாமல் வாழ்கிறவளை எங்கள் ஊரில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். ஒன்றரை வருடமாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். பஸ்ஸில் போகிறேன், பஸ்ஸில் வருகிறேன்.

போன வியாழக்கிழமை காலையிலிருந்தே கிழக்குக் காற்று. மதியம் மூன்று மணிக்கு ஒரு ஆள் கடைக்குள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். சைக்கிள் உடுப்பு, இடுப்புவரை சேறு, காற்றடித்து வெந்துபோன முகம். கூட வேலை செய்யும் ஹில்லா, "என்னங்க ஆச்சு, உக்காருங்க," என்று நாற்காலியை இழுத்தாள். அவர் உட்காரவில்லை. கடையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றபோதே என்னைப் பார்த்துவிட்டிருக்கிறார்.

"நீங்கதான்," என்றார். "காலைல அணைப் பாதைல... நீங்கதான். என் பொண்டாட்டி உங்க பின்னாடிதானே வந்தா. அவளை எங்க கொண்டு போய் விட்டீங்க?"

"ஆள் மாறிச் சொல்றீங்க," என்றாள் ஹில்லா. "இவங்க காலை ஒன்பது மணிலேர்ந்து என்கூடத்தான் இருக்காங்க."

அவர் அவளைக் கவனிக்கவே இல்லை.

"நான் எவ்வளவோ கூப்பிட்டேன். அவ திரும்பல. நீங்க திரும்பினீங்க. அவளைப் பாத்தீங்க, பின்னாடி வர்றான்னு தெரிஞ்சதும் சிரிச்சீங்க." அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "'அப்பாடா'ன்னு சொன்னீங்க."