உறங்கப் போன நொடியின் படம்

குழந்தையைத் தூங்கவைக்க ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அதற்குப் பிறகு கணினி தூங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. திறந்திருப்பதையெல்லாம் அப்படியே பதிந்துகொண்டு உறங்க வேண்டிய இயந்திரம், 'மெமரி போதவில்லை' என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னது. வீட்டிலிருந்தே மருத்துவ அறிக்கைகளைத் தட்டச்சு செய்பவள் அவள். அலுவலகக் கணினிக்காரரைக் கைப்பேசியில் பிடித்தாள்.

"எது மெமரியைத் தின்னுதுன்னு பாருங்க மேடம்."

"கேமரா சார். நான் திறக்கவே இல்லையே," என்று கிசுகிசுத்தாள்.

"மூடிட்டுத் தூங்கவைங்க. அப்புறம் எழுப்புங்க."

எழுப்பியதும் கேமரா தானாகத் திறந்தது. அசையாத படம் ஒன்று கணநேரம் நின்றது: அவள் நாற்காலி, பின்னால் மரத்தொட்டில், திறந்திருந்த அறைக்கதவு. பிறகு படம் நேரலையாக அசைந்தது. அதில் கதவு சாத்தியிருந்தது.

"முதல்ல ஏதோ பழைய படம் வருது சார்."

"தூங்கப் போன நொடியில இருந்த படம். அதைத்தான் முதல்ல காட்டும். கேமராவை அடியோட நிறுத்திட்டு இன்னொரு தடவை பாருங்க."

குழந்தை தூங்கியதுமே கதவைச் சாத்தியது அவள்தான். கண் ஏமாற்றியிருக்கும் என்று தேற்றிக்கொண்டு மறுபடி செய்தாள்.

இந்த முறை அசையாத படத்தில் தொட்டில்மேல் ஒரு பெண் குனிந்திருந்தாள். அவள் கூந்தல் தொட்டிலுக்குள் விழுந்துகிடந்தது.

தாய் சட்டென்று திரும்பினாள். யாருமில்லை. ஈரத்தலையின் வாடை மட்டும். கம்பிகளுக்கு உள்ளே போர்வை மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. வாரி அணைத்துக்கொள்ளக் கை பரபரத்தது. ஆனால் குழந்தை விழித்துவிட்டால் மறுபடி ஒன்றரை மணி நேரம். மூச்சு சீராகத்தானே வருகிறது என்று விட்டுவிட்டாள்.

நாற்காலியைத் தொட்டில் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். கண் கொட்டாமல் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டிப் பொத்தானை அழுத்தினாள். கணினியின் விசிறி ஓய்ந்தது. யாரும் வரவில்லை. கதவு அசையவில்லை. நிம்மதியாக மூச்சுவிட்டு, திரைப் பக்கம் திரும்பிக் கணினியை எழுப்பினாள்.

அசையாத படம்.

கதவு திறந்திருந்தது. அந்தப் பெண் வெளியேறிக்கொண்டிருந்தாள். அவள் தோளில் குழந்தை, விழித்த கண்களோடு. படத்தில் தாயும் இருந்தாள். கையெட்டும் தூரம். தொட்டிலையே பார்த்தபடி.

படம் அசைந்தது. கதவு சாத்தியிருந்தது.

"மேடம், இப்ப சரியாயிடுச்சா?"

அவள் திரும்பினாள். ஈரத்தலை வாடை. போர்வை ஏறி இறங்கியது. தொட்டில் கொள்ளாமல் புடைத்திருந்தது. கம்பிகளுக்கு இடையே மெல்ல வெளியே வந்தன விரல்கள்.

வளர்ந்த ஆளின் விரல்கள்.