மூன்று தட்டினால் நல்ல படம்

விங்லாமின் வீட்டில் கட்டில்தான் கூடம், கட்டில்தான் சாப்பாட்டு மேசை, கட்டில்தான் சினிமா தியேட்டர்.

வீடு என்றால் ஓர் அறைதான். ஹாங்காங்கின் ஷாம் ஷுய் போ பகுதியில் ஒரு பழைய மாடிவீட்டைப் பலகைச் சுவர்களால் கூறுபோட்டு, ஆளுக்கோர் அறையாக வாடகைக்கு விட்டிருந்தார்கள். அதில் ஒன்றில் பத்து வயது விங்லாமும் அவள் அப்பாவும் இருந்தார்கள். அப்பாவுக்குக் கட்டடங்களுக்கு மூங்கில் சாரம் கட்டும் வேலை. அம்மா எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கே வந்து குடியிருக்க அனுமதி கிடைப்பதற்காகக் காத்திருந்தார்.

பலகைச் சுவர் என்பதால் எல்லாருக்கும் எல்லாம் கேட்கும். எதிர் அறைத் தாங் மாமா இருமுவது, யாரோ நூடுல்ஸ் உறிஞ்சுவது, யாரோ போனில் அழுவது. ஆனால் யாரும் எதையும் கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். அதுதான் அந்த வீட்டின் மரியாதை. அழுதவரை மறுநாள் நடையில் பார்த்தால், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

அந்த மரியாதையை முதலில் மீறியவர் பக்கத்து அறைக் குவான் அத்தை.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, தெருக்கடையில் வாங்கிய பழைய டிவிடி ஒன்றைப் போட்டு விங்லாமும் அப்பாவும் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதாநாயகன் உடம்பெல்லாம் குண்டு வாங்கிச் செத்துப்போனான். கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்து சண்டை போட்டான்.

"சுத்தப் புளுகு!" என்று கத்தினாள் விங்லாம்.

'டொக்!' என்றது சுவர்.

அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. "போச்சு! சத்தம் அதிகம்னு தட்டுறாங்க. நாளைக்கு வாடகை ஏஜென்ட்கிட்ட போய்ச் சொல்லப்போறாங்க." சட்டென்று டிவியின் சத்தத்தை அடியோடு குறைத்தார்.

'டொக் டொக் டொக் டொக் டொக்!' சுவருக்குக் கோபம் வந்துவிட்டது.

அப்பா பயந்துபோய்ச் சத்தத்தைக் கூட்டினார். சுவர் அமைதியாகிவிட்டது.

விங்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்பா, அவங்க நம்ம படத்தைக் கேக்குறாங்க!"

குவான் அத்தையிடம் டிவி கிடையாது. படத்தைப் பார்க்காமலே, காதால் கேட்டே அவர் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு தட்டு என்றால் தண்டம். இரண்டு என்றால் பரவாயில்லை. மூன்று என்றால் பிரமாதம். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, போகப் போகப் புரிந்துவிட்டது.

பேச்சில்லாத காட்சி வந்தால் விங்லாம் சுவர் பக்கம் திரும்பி, "இப்போ அவன் மெதுவா கதவைத் திறக்குறான். கையில கத்தி!" என்று உரக்கச் சொல்வாள்.

"எனக்குக் கண்ணு இருக்குடி" என்பார் அப்பா.

"உங்களுக்குச் சொல்லலைப்பா."

குவான் அத்தையிடம் மூன்று தட்டு வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. காதல் படத்துக்கு இரண்டுக்கு மேல் தர மாட்டார். செத்தவர்கள் திரும்பி வந்தால் கண்டிப்பாக ஒன்றுதான். ஒரு பேய்ப் படத்தில் கல்யாண உடுப்புப் போட்ட பேய் கிணற்றடியில் உட்கார்ந்து பாடும். அந்தப் பாட்டு அவருக்கு ஆகவே ஆகாது. விங்லாம் வம்புக்கென்றே அதைப் போடுவாள். பாட்டு பாதி ஆவதற்குள் சுவர் அதிரும்.

ஆனால் காலையில் நடையில் பார்த்தால், அத்தை தன் வெள்ளை ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டே, "சாப்பிட்டாச்சா?" என்று மட்டும்தான் கேட்பார். ஒரு பெரிய தேநீர்க்கடையில் பலகாரம் அவிக்கும் மூங்கில் கூடைகளைக் கழுவும் வேலை அவருக்கு. படத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

இந்தச் சனிக்கிழமை அண்ணன் தம்பி படம். அண்ணன் போலீஸ், தம்பி திருடன். குண்டடிபட்ட தம்பி கடலில் விழுந்துவிடுகிறான். கடைசியில் ஒரு மழை நாளில், அண்ணன் தனியாக உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிடும்போது, எதிரே ஒருவன் வந்து உட்கார்கிறான். தம்பி!

விங்லாம் மூக்கை உறிஞ்சினாள். "அத்தை ஒண்ணுதான் போடுவாங்க, பாருங்கப்பா."

சுவர் ஒன்றும் சொல்லவில்லை.

விங்லாம் தானே தட்டிப் பார்த்தாள். பதில் இல்லை.

"தூங்கியிருப்பாங்க. படு" என்றார் அப்பா.

மறுநாள் ஞாயிறு. பல் தேய்க்கப் போன விங்லாம் நடையில் நின்றுவிட்டாள். அத்தையின் கதவருகே வெள்ளை பூட்ஸ் அப்படியே இருந்தது. ஊரே தேநீர்க்கடைக்குப் போகிற நாள் ஞாயிறு. அன்றைக்கு மட்டும் அத்தை விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். வேறு செருப்பு எதுவும் அவருக்குக் கிடையாது.

விங்லாம் கதவைத் தட்டினாள். "அத்தை! குவான் அத்தை!"

எதிர்க் கதவு திறந்தது. தாங் மாமா பல்துலக்கியும் கையுமாக எட்டிப் பார்த்தார்.

"மாமா, அத்தை வெளியே வரலை. உங்களுக்கு ஏதாவது கேட்டுச்சா?"

மாமா தயங்கினார். "நேத்து சாயங்காலம் ஏதோ தொப்புனு விழுந்துச்சு."

"அப்போவே ஏன் போய்ப் பார்க்கலை?"

"அடுத்தவங்க வீட்டுச் சத்தம்மா அது" என்றார் மாமா. சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

விங்லாம் நடையின் கடைசிக் கதவைப் பார்த்தாள். போன வருடம் அங்கே ஹோ என்று ஒருவர் இருந்தார். அவர் டிவி பகலும் இரவும் ஓடிக்கொண்டே இருந்தது. டிவி ஓடுகிறதே, ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள். அவர் இறந்து பல நாளான பிறகுதான் தெரிந்தது. அத்தனை நாளும் டிவிச் சத்தம் எல்லாருக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அவள் உள்ளே ஓடினாள். "அப்பா, கதவை உடைங்க!"

"பைத்தியமா உனக்கு? லீவு போட்டுட்டு அசந்து தூங்குறாங்களோ என்னவோ. கதவை உடைச்சா ஏஜென்ட் நம்மளை வெளியே தள்ளிடுவான். அம்மா வர்ற நேரத்துல இந்த அறையும் இல்லன்னா எங்கே போறது, சொல்லு."

விங்லாமுக்கு அழுகை வந்தது. அப்பா சொல்வதும் உண்மைதான். அறை போய்விட்டால் அம்மா வந்து எங்கே தூங்குவார்? அதற்காக அத்தையை அப்படியே விட்டுவிட முடியுமா?

கண்ணைத் துடைத்துக்கொண்டு, டிவிடிப் பெட்டியைக் கிளறினாள். அந்தப் பேய்ப் படத்தை எடுத்தாள். கிணற்றடிப் பாட்டுக்கு ஓட்டி, சத்தத்தை முழுக்கக் கூட்டினாள்.

பேய் பாடத் தொடங்கியது. தாங் மாமா வாசலில் வந்து நின்றார். மற்ற கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாரும் திட்டவில்லை. எல்லாரும் அந்தப் பலகைச் சுவரையே பார்த்தார்கள்.

பாட்டு பாதியைத் தாண்டியது. அப்பாவின் கை டீ கிளாஸோடு பாதியில் நின்றுவிட்டது.

பாட்டு முடிந்தது.

"இந்நேரம் தட்டியிருப்பாங்களே" என்றார் அப்பா மெதுவாக.

"ஆமா, பேய் அழுற இடத்துக்கு முன்னாலயே தட்டுவாங்க" என்றார் தாங் மாமா.

விங்லாம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்படியானால் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்!

அதற்கு மேல் அப்பா யோசிக்கவில்லை. விங்லாமைத் தோளில் தூக்கினார். கதவுக்கு மேலே காற்றுக்காக விட்டிருந்த ஓட்டை வழியாக அவள் எட்டிப் பார்த்தாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பாதம் தெரிந்தது.

"கீழே விழுந்து கிடக்குறாங்கப்பா!"

அப்பா இரண்டே உதை விட்டார். கதவு பிளந்தது.

குவான் அத்தை கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தார். கண்கள் திறந்திருந்தன. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு கை சுவரை நோக்கி நீண்டிருந்தது. விரலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி.

அத்தை தட்டப் பார்த்திருக்கிறார். இரவெல்லாம் தட்டப் பார்த்திருக்கிறார். அதை நினைத்ததும் விங்லாம் தேம்பித் தேம்பி அழுதாள். அழுதுகொண்டே தரையில் உட்கார்ந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் ஏஜென்ட் வந்து கத்தினார். "யார் கதவை உடைச்சது?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் தாங் மாமா கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். "நான்தான்."

"நானும்தான்" என்றார் நூடுல்ஸ் உறிஞ்சுகிறவர்.

"நானும் ஒரு உதை விட்டேன்" என்றார் போனில் அழுகிற அக்கா.

ஏஜென்ட் தாங் மாமாவின் கைத்தடியை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை பேரை ஒரே நாளில் எப்படி வெளியே அனுப்புவது? முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார்.

குவான் அத்தை பிழைத்துக்கொண்டார். ஆனால் பேச்சு போய்விட்டது. வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். கூடை கழுவும் வேலைக்கு இனி அவரால் போக முடியாது என்பது மட்டும் விங்லாமுக்கே தெரிந்தது.

அடுத்த ஞாயிறு பார்வை நேரத்தில் அவளும் அப்பாவும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அத்தை கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். முகம் மிகவும் சின்னதாகிவிட்டிருந்தது. அப்பா கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"சாப்பிட்டாச்சா?" என்றார்.

அத்தையின் கண்ணோரத்தில் ஈரம் இறங்கியது.

விங்லாம் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். "அத்தை, நீங்க போன வாரப் படத்தை முழுசாக் கேக்கலையே. நான் சொல்றேன். அண்ணன் போலீஸ், தம்பி திருடன்..."

துப்பாக்கிச் சத்தம், கடல் சத்தம், மழைச் சத்தம் எல்லாவற்றையும் வாயாலேயே போட்டுச் சொன்னாள். நூடுல்ஸ் சாப்பிடும் இடம் வந்ததும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "நிமிர்ந்து பார்த்தா எதிர்ல தம்பி! சாகவே இல்லை அத்தை!"

சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தாள்.

போர்வைக்குள்ளிருந்து இடது கை மெல்ல வெளியே வந்தது. கட்டிலின் இரும்புக் கம்பியைத் தேடிப் பிடித்தது.

'டொக்.'

விங்லாம் இன்னொன்றுக்காகக் காது கொடுத்தாள். வரவில்லை.

"ஒண்ணுதானா? நல்ல படம் அத்தை! நான் அழுதேன் தெரியுமா?"

அப்பா கட்டிலின் தலைமாட்டுக்கு வந்தார். இத்தனை நாளில் அவர் ஒரு படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "எனக்கும் பிடிச்சிருந்துச்சு, குவான் அக்கா. போனவன் திரும்பி வந்தா என்ன தப்பு? நீங்களே அப்படித்தானே வந்திருக்கீங்க."

அத்தை கண்ணைத் திருப்பி அப்பாவை முறைத்தார். வாயின் ஒரு பக்கம் லேசாகக் கோணியது. அது சிரிப்புதான் என்று விங்லாமுக்குத் தெரிந்தது. கை மறுபடி உயர்ந்தது.

'டொக்!'

இந்த முறை அது வார்டு முழுக்கக் கேட்டது. எல்லாக் கட்டிலிலிருந்தும் தலைகள் நிமிர்ந்து திரும்பிப் பார்த்தன. ஒருவர்கூடக் கேட்காத மாதிரி இருக்கவில்லை.