அறுபது பேர் படுத்த கூடம்

சிங்காரத்துக்கு இடுப்பு இரண்டாகக் கழன்றுவிட்டதுபோல வலித்தது. குனிந்து குனிந்து பதின்மூன்று பாய் விரிக்கிறவனுக்குத்தான் அந்த வலி; படுத்துப் புரளப்போகிறவனுக்கு அதைப்பற்றி என்ன? ஒரு கையைச் சுவரில் ஊன்றி, முக்கி நிமிர்ந்து, தண்ணீர்ப் பானை எடுத்துவரக் கிணற்றடிக்குப் போனான். அரை நாழிகைகூட ஆகியிருக்காது. திரும்பி வந்து பார்த்தால், கூடம் முழுக்கத் தாராளமாக இடம் விட்டு அவன் விரித்திருந்த பாய்கள் அத்தனையும் ஏரிப்பக்கத்துச் சுவரோரம், ஒன்றின் விளிம்பின்மேல் ஒன்று ஏறி, ஒடுங்கிக் கிடந்தன.

பிள்ளைகளின் வேலை என்று நினைக்கப் பார்த்தான். பிள்ளைகள் ஆறும் கரையில் நண்டு துரத்திக்கொண்டிருந்த கூச்சல் அங்கே வரைக்கும் கேட்டது. பானையை இறக்கி வைத்தான். பாய்களை மறுபடி ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டான். இழுக்கும்போது பாய்க்கு அடியில் தரை சூடாக இருந்தது.

வந்திருந்தது ஆரணிக் குடும்பம். மூத்தவர் ஆதிநாராயணன் துணித் தரகர். தறிக்காரனுக்கு முன்பணம் நீட்டி, அவன் தலை நிமிர முடியாதபடி பண்ணி, துணியை வாரிக்கொண்டு வந்து பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் விற்கிறவர். இந்த முறை துணியோடு குடும்பத்தையும் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவர், மனைவி கஸ்தூரியம்மாள், தம்பிகள் ராஜவேலுவும் பெருமாளும், தம்பி மனைவிகள், விதவைத் தங்கை ஒருத்தி, பிள்ளைகள். மாசிமகத்துக்குக் கடலில் முழுகினால் பாவம் போகுமாம். கடலுக்கு வேறு வேலை இல்லை.

கௌஸ் மைதீன் மரைக்காயரின் விடுதியில் மாடியில் மூன்று அறைகள். சிங்காரம் பத்து வருஷமாக வருகிறவர்களைப் பார்த்து இடம் ஒதுக்குகிறவன். அவர்கள் வந்து இறங்கியதுமே கணக்காகத்தான் சொன்னான்.

"பெரியவருக்குக் கெழக்கால அறை. ராஜவேலு ஐயா குடும்பத்துக்கு நடு அறை. பெருமாள் ஐயா குடும்பம் படியாண்ட இருக்கட்டும். பசங்களப் பிரிச்சுப் போட்டா எல்லாரும் காலை நீட்டலாம்."

ராஜவேலுவின் மனைவி முகத்தைச் சுளித்தாள். "கெழக்கால அறைக்குத்தான் காத்து வரும். பெரியவங்களுக்கு மட்டுந்தான் வேர்க்குமாக்கும்?"

"படியாண்டயா?" என்றார் பெருமாள். "கக்கூசுக்குப் போறவன் வர்றவன் எல்லாம் என் தலை மேல நடக்கட்டும்னு பாக்கறியா?"

"அப்ப நீ கெழக்கால அறைய எடுத்துக்கயேன்" என்றார் ஆதிநாராயணன். "கொடுத்துடுவேன்னு நெனச்சியா?"

வெயில் சாயும்வரை இதே பேச்சு. ஆரணியில் பத்தாயம் பத்தாயமாக நெல் வைத்திருக்கிறவர்கள், ஒரு ஜன்னலுக்காக ஒருவர் குடலை ஒருவர் உருவினார்கள். தனக்குக் கிடைக்காத காற்று அடுத்தவனுக்கும் கிடைக்கக் கூடாது. அவ்வளவுதான் அவர்கள் குடும்பப் பாசம். கடைசியில் ஆதிநாராயணன் கீழ்த்தளத்துப் பூட்டிய கதவைக் கைத்தடியால் தட்டினார்.

"இது இன்னாடா?"

"பழைய கிடங்கு ஐயா. அது ஆகாது."

"ஏன் ஆகாது?"

"ஓதம். தரை ஈரம் ஏறும்."

"தொற."

திறந்தான். எலும்புபோலக் காய்ந்த தரை. நீள அகலமான கூடம். ஏரியைப் பார்த்த இரண்டு பெரிய ஜன்னல்கள்.

"ஈரமாம்! வேற பெரிய மனுசன் எவனுக்கோ பதுக்கி வச்சிருக்கான் திருட்டுப்பய" என்று ராஜவேலு சிரித்தார். "அண்ணே, எல்லாரும் இங்கயே படுத்துக்கலாம். யாருக்கும் கொறயில்ல."

அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணன் தம்பிகள் ஒத்துப்போனார்கள். அப்படித்தான் பதின்மூன்று பாயும் இந்தக் கூடத்துக்கு வந்தன.

சுவரின் அடியில் மூன்று பூச்சுச் சுண்ணாம்பையும் மீறிக் கருப்பாகக் கசிந்திருந்த, படகுக்குப் பூசும் கீலால் போட்ட கோடுகளை யாரும் என்னவென்று கேட்கவில்லை. ஒன்றரைச் சாணுக்கு ஒரு கோடு. அதைப் போட்டபோது கீல்சட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் சிங்காரம்தான்.

பதினேழு வருஷத்துக்கு முந்தைய பஞ்சம் அது. ஒரு கப்பல் வியாபாரி இந்தக் கிடங்கை வாடகைக்குப் பிடித்திருந்தான். கஞ்சிக்குத் தங்களையே விற்றுக்கொண்டவர்களை இங்கே அடைத்து வைத்து, அறுபது அறுபதாகக் கப்பல் ஏற்றினான். ஆளுக்கு ஒன்றரைச் சாண். மல்லாந்து படுத்தால் இடம் போதாது, ஒருக்களித்துத்தான் படுக்கவேண்டும். சிங்காரத்தின் கையில் தடி இருந்தது. இரண்டு தட்டு தட்டினால் அறுபது பேரும் ஒரே சமயத்தில் மறுபக்கம் புரளவேண்டும். அதற்கு நாளுக்கு இரண்டு படி அரிசி. அந்த அரிசியைத் தின்றவன் மற்றவர்களைப் பார்த்துக் காறித் துப்ப என்ன யோக்கியதை என்று யாரும் கேட்கலாம். ஆனாலும் துப்புவான்.

கடைசிக் கூட்டத்தில் சுண்ணாம்புக்குளத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள்மேல் அவனுக்கு ஆசை வந்துவிட்டது. விடிவதற்கு முன் அவளைச் சுண்ணாம்புச் சூளைக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, கரையில் அவள் உட்காரவேண்டிய இடத்தில் முக்காடு போட்டுத் தானே உட்கார்ந்தான். கணக்கன் தலைதலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தான். அறுபதாவது தலை சிங்காரத்தின் தலை. படகு தள்ளுகிற சாக்கில் எழுந்து நழுவிவிட்டான். ஐம்பத்தொன்பது பேர் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. அவர்களையும் அவிழ்த்துவிடலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அப்படித் தோன்றுகிறவன் கையில் எவனும் தடியைக் கொடுப்பதில்லை.

அந்தப் பெண்தான் அவன் மகள் பூபதியின் அம்மா. செத்து மூன்று வருஷம் ஆகிறது. அந்தக் கூடத்து வாசலைப் பூபதி மிதிக்க அவன் ஒரு நாளும் விட்டதில்லை. அங்கே கூட்டிப் பெருக்கும்போதெல்லாம் தரை முழுக்க ஆள் படுத்து எழுந்த சூடு இருக்கும். நடுவில் ஒரே ஓர் இடம் மட்டும், ஒன்றரைச் சாண் அகலத்துக்கு, சில்லென்று இருக்கும். அந்தச் சில்லிப்பு யாருக்காகக் காத்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அவன் கிடைக்காவிட்டால் யாரை எடுக்கும் என்றும் தெரியும்.

விளக்கு வைத்ததும், வஞ்சிரமும் இறாலும் ஒரு கை பார்த்து முடித்த கஸ்தூரியம்மாள் கால்களை நீட்டினாள்.

"வண்டியில குந்தினு வந்து காலெல்லாம் கடுக்குது. உன் பொண்ண அனுப்பு. அமுக்கி உட்டுட்டு என் காலடியிலயே மொடங்கிக்கட்டும்."

"நான் வேணா தைலம் காச்சித் தரேன் அம்மா. அவளுக்கு ஒடம்பு சரியில்ல."

"நல்லாத்தான் இருக்கா. இப்பதான் என் குடத்தைத் தூக்கினு வந்தா."

ஆதிநாராயணன் ஏப்பம் விட்டார். "இன்னாடா, பொண்ணு மகாராணியா? மரைக்காயர்கிட்ட ஒரு வார்த்த சொன்னா நாளைக்கு நீயும் அவளும் தெருவுல."

சிங்காரம் வாயைத் திறப்பதற்குள் பூபதி உள்ளே ஒரு காலை வைத்துவிட்டிருந்தாள். "இன்னா நைனா நீ, கால் அமுக்கறதெல்லாம் ஒரு வேலையா? அந்தம்மா கொறட்ட விட்டதும் வந்துடறேன்."

அவள் கையைப் பிடித்தான். "குந்தியே இரு. தலையச் சாய்க்காத. கண்ணு சொக்குனா எழுந்து வெளிய வந்துடு. இன்னா?"

"சரி நைனா. கைய உடு, வலிக்குது."

கிணற்றடியில் உட்கார்ந்தான். ஏரி வற்றியிருந்தது, சேற்றின் வீச்சமும் காயப்போட்ட மீனின் கவிச்சியும், தூரத்தில் சிப்பி சுடும் சூளையின் காரமான புகையும் காற்றில் கலந்து வந்து தொண்டையில் அப்பின. கோட்டையில் மணி அடித்தார்கள். காவல்காரன் ஒருவன் தன் பாஷையில் ஏதோ கத்த, இன்னொருவன் பதில் கத்தினான். பிறகு படகுகள் ஒன்றோடொன்று இடிக்கும் மொத்து மொத்தென்ற ஓசை மட்டும். கூடத்து ஜன்னலில் விளக்கு மஞ்சளாக நின்றது. உள்ளே சண்டை தொடங்கியது.

"தள்ளிப் படேன்டா."

"எங்க தள்றது? செவுத்துக்குள்ளயா?"

"யாரு என் முதுவுல முட்டறது?"

சிங்காரத்துக்குச் சிரிப்பு வந்தது. அறுபது பேரை அடைத்த கூடம். பதின்மூன்று பேருக்கு இடம் போதவில்லையாம். பணம் சேரச்சேர உடம்பு ஊதிப்போகும் போலிருக்கிறது என்று துப்பினான்.

சிரிப்பு நிலைக்கவில்லை. திட்டுகள் முனகலாயின. பிள்ளைகளின் அழுகை எழுந்து, வாயைப் பொத்தினாற்போல நின்றது. ஆதிநாராயணனின் குரல், அந்தக் கனத்த தரகுக் குரல், கெஞ்சியது. "மூச்சு முட்டுது. கொஞ்சம் எடம் குடுங்க சாமி. கொஞ்சமா."

யாரிடம் கெஞ்சுகிறார்?

வியர்வை நாற்றம் வந்தது. பதின்மூன்று பேரின் வியர்வை இல்லை அது. பல நாள் குளிக்காத, பல நாள் கஞ்சி காணாத உடம்புகளின் புளித்த வீச்சம். அவனுக்குத் தெரிந்த வீச்சம்.

உள்ளே யாரோ தரையில் தட்டினார்கள்.

இரண்டு தட்டு.

கூடம் முழுவதும் ஒரே சமயத்தில் புரண்டது. எத்தனையோ தோள்கள், எத்தனையோ முழங்கால்கள் தரையில் உராயும் சத்தம்.

"பூபதி!"

ஓடினான். கதவைத் தள்ளினான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஏரிப்பக்கத்துச் சுவரோரம் பதின்மூன்று பேரும் நசுங்கிக் கிடந்தார்கள். ஒருவர் மேல் ஒருவர். அண்ணன் முதுகில் தம்பி, தம்பி தொடையில் பிள்ளைகள். கன்னங்கள் சுவரில் அழுந்திச் சப்பையாகியிருந்தன. கூடத்தின் மற்ற இடமெல்லாம் காலி. வெறும் தரை.

வெறும் தரையின் நடுவே பூபதி.

ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முழங்கால் மடிந்து, கைகள் நெஞ்சோடு ஒட்டி, இரண்டு பக்கமும் யாரோ நெருக்கினாற்போல ஒடுங்கி. பக்கத்தில் யாரும் இல்லை. ஆனாலும் அவள் பாவாடையின் ஓரம் எதன் அடியிலோ மாட்டி விறைத்து நின்றது.

ஒரு அடி வைத்தான். காலடியில் மெத்தென்று இருந்தது. சூடாக.

"மெதுவா நைனா." கண் திறக்காமலே சொன்னாள். "ஆளுங்கள மிதிக்கற."

பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். கெண்டைக்காலில் மூச்சுக்காற்று பட்டது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு மூச்சு. குனிந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. சில்லிட்டிருந்தாள். மறுபடி இழுத்தான். இரண்டு பக்கமும் இருந்தவை இன்னும் நெருங்கின. அவள் விலா எலும்பு நெறிபடும் சத்தம் கேட்டது.

வெறும் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"அது என் எடம். அவள உடுங்க. நான் படுக்கறேன்."

இறுக்கம் விட்டது.

பஞ்சுபோல வந்தாள். தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி, வெளியே நிறுத்தி, கன்னத்தில் அறைந்தான். விழித்தாள்.

"மரைக்காயர் வூட்டுக்கு ஓடு. திரும்பிப் பாக்காத."

"நீ வரல, நைனா?"

"ஓடுடி!"

அவள் காலடிச் சத்தம் தேய்ந்தது. தானும் ஓடலாம். ஒருமுறை நழுவியவன்தான். வாசல் நிலையைப் பிடித்தபடி திரும்பினான். வெளியே வைத்த கால் வெளியே இருந்தது. உள்ளே இருந்த கால் வரவில்லை. கணுக்காலைச் சுற்றி விரல்கள். பிடித்து இழுக்காத, சும்மா பிடித்துக்கொண்டு காத்திருக்கிற விரல்கள்.

சுவரோரத்திலிருந்து ஆதிநாராயணனின் ஒற்றைக்கண் அவனைப் பார்த்தது. மற்றது சுவரில் அழுந்தியிருந்தது.

"ஐயா," என்றார் அவர். அதுவரை யாரையும் அப்படிக் கூப்பிட்டிராத வாய். "வந்து படுங்கய்யா. நீங்க படுத்தாத்தான் எங்கள உடுவாங்களாம்."

தரை நடுவில் ஒன்றரைச் சாண் காலியாக இருந்தது. அதன் இரண்டு பக்கமும் மூச்சு நின்றுவிட்டது. எண்ணி முடிப்பதற்காக நின்றது.

ஐம்பத்தொன்பது பேர் படுத்தாயிற்று. பாக்கி ஒரு ஆள். சிங்காரம்.