வாசலில் ஓடிய இதயம்

எழுந்ததும் காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, கணவனின் இதயத்தை வாசலில் ஓடவிடுவது வடிவாம்பாளின் வழக்கம். செவ்வாய்க் குடியிருப்பில் எல்லா வாசல்களிலும் ஒரு திரை உண்டு. இயந்திர இதயம் வைத்தவர்கள் வீட்டில் துடிப்பு பச்சைக் கோடாக அதில் ஓடும். போகிறவர்கள் நின்று பார்த்து, "இன்னிக்கு நல்லாருக்கே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தூரத்தில் இருப்பவர்கள் கண்வில்லையிலேயே பார்த்துக்கொள்ளலாம். திரையை மூடி வைக்கிற வீட்டைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பது வடிவாம்பாளுக்குத் தெரியும். அவளே நிறையப் பேசியிருக்கிறாள்.

அன்று காலை கோடு மஞ்சளாகிவிட்டது.

கணவர் கோமதிநாயகத்தின் இதயம் தானாக எதையும் முடிவு செய்யாது. எப்போது வேகமாக அடிக்க வேண்டும், எப்போது நிதானிக்க வேண்டும் என்பதை மருத்துவமனையின் பெருங்கணினி சொல்லும். அந்தக் கட்டளையை வீட்டுக்குள் வாங்கித் தருவது அலைமடை, கூடத்து மூலையில் இருக்கும் சின்னப் பெட்டி. அது திணறினால் இதயமும் திணறும்.

வடிவாம்பாள் பெட்டியை அணைத்துப் போட்டாள். செருகியைப் பிடுங்கி, ஊதி, மறுபடி செருகினாள். அதன் தலையில் இரண்டு தட்டும் தட்டினாள். ஒவ்வொரு தடவையும் கோடு கொஞ்சம் நிமிர்ந்து, பழையபடி சரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வர, பழுதுபார்க்கும் எந்திரத்தை அழைத்தாள்.

வந்த எந்திரம் நிதானமாகக் கேட்டது. "அணைத்துவிட்டு மறுபடி போட்டீர்களா அம்மா?"

"அதெல்லாம் போட்டாச்சு! மனுஷர் உசுருக்குப் போராடுறார், நீ கேள்வி கேட்டுக்கிட்டு நிக்கிறியே!"

எந்திரம் பெட்டியின்மேல் விரலை வைத்தது. "மடையில் கோளாறு இல்லை. பார்க்கிறவர்கள்தான் அதிகம்."

"யாரு?"

"காலையில் ஒரு சின்னத் தளர்வில் கோடு மஞ்சளானதை எதிர்வீட்டு அம்மா பார்த்து நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறார். இப்போது குடியிருப்பே பார்த்துக்கொண்டிருக்கிறது. இதயத்துக்கு வரும் கட்டளையும் அவர்களுக்குப் போகும் காட்சியும் ஒரே மடை வழிதான். அவர்கள் பார்க்கப் பார்க்க இதயம் தளர்கிறது. தளரத் தளர இன்னும் பலர் வருகிறார்கள்."

"எல்லாரையும் துண்டிச்சு விடு!"

"உங்கள் நாத்தனாரையுமா?"

நாத்தனார் இதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவாள் என்பது வடிவாம்பாளுக்குத் தெரியும். "அவளையுந்தான்."

அப்படியும் கோடு பச்சையாகவில்லை.

"இன்னும் ஒருவர் இருக்கிறார். முப்பரிமாணத்தில், மிகத் துல்லியமாகப் பார்க்கிறார்."

"எந்தக் கடன்காரன் அது?"

"நீங்கள்தான் அம்மா. உங்கள் கண்வில்லை."

வில்லையைக் கழற்ற அவளுக்குக் கை வரவில்லை. கோடு தெரியாவிட்டால் அவர் இருக்கிறாரா என்று எப்படித் தெரியும்? அவர் படுத்திருந்ததோ அடுத்த அறையில். கோடு மஞ்சளானதிலிருந்து அங்கே ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வில்லையைப் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே ஓடினாள்.

மார்பில் காதை வைத்தாள். மெல்லத் துடித்தது. பிறகு சீராகத் துடித்தது. வெளுத்திருந்த உதட்டில் நிறம் திரும்பியது. கோமதிநாயகம் கண் திறந்தார்.

"என்னங்க, பயந்தே போயிட்டேன். ஊரே உங்களைப் பாத்து மடையை அடைச்சிருச்சு. எல்லாரையும் துண்டிச்சாச்சு."

"ஊரேவா?" கோமதிநாயகம் முழங்கையை ஊன்றி எழுந்தார். "வைத்திலிங்கம்?"

"அவரும்தான்."

போன வருஷம் வைத்திலிங்கத்தின் இதயம் மஞ்சளானபோது பார்க்கக் கூடிய கூட்டத்தைக் கோமதிநாயகம் இன்னும் மறக்கவில்லை. "அவனுக்கு வந்ததைவிட அதிகமா?"

"மூன்று மடங்கு ஐயா," என்றது கூடத்திலிருந்த எந்திரம்.

கோமதிநாயகத்தின் முகம் மலர்ந்தது. காரணம் புரியாத பெருங்கணினி இதயத்தைக் கொஞ்சம் வேகமாக அடிக்கச் சொன்னது.

"வடிவு, கொஞ்ச நேரத்துக்கு மறுபடி திறந்து விடேன்," என்றார். "சீக்கிரம். பச்சையாயிட்டா ஒருத்தனும் பாக்க மாட்டான்."