மூன்றாவது கை

ஆடுவது இரண்டு பேர். வாலு சீட்டை மூன்று கையாகப் போட்டிருந்தாள். தையல்காரி மகளை முறைத்தாள். ஏழு வயதாகியும் இந்தப் பிள்ளைக்குச் சீட்டைக் கலைக்க வராது. பாதியைத் தரையில் கொட்டும், பொறுக்கியெடுத்து மறுபடி கொட்டும். இப்போது எண்ணவும் மறந்துவிட்டாளா? மூன்றாவது கை தையல் மிஷினுக்கு முன்னால், ஸ்டூலடியில் கவிழ்ந்து கிடந்தது.

சீட்டுக்கட்டு நாத்தனாருடையது. டாரட் என்கிற படச்சீட்டை வைத்துக் குறி சொல்வதுதான் அவள் தொழில். மாடிக்குக் குறி கேட்க வருகிறவர்களிடம் தேனாகப் பேசுவாள்; கீழே இறங்கினால் தம்பி பெண்டாட்டியிடம் எரிந்து விழுவாள். பட்டுத்துணியில் சுற்றிய அந்தச் சீட்டை யாரும் தொடக்கூடாது. காலையில் தொட்டுவிட்ட வாலுவைக் கையிலேயே அடித்துவிட்டாள்.

"கேள்வி கேக்க எடுத்தா பதில் வரும். விளையாடக் கூப்பிட்டா விளையாடத்தான் வரும்" என்றாள்.

தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெறும் அட்டைக்கு என்ன ஜம்பம்! நாத்தனார் கடைக்குக் கிளம்பியதும் மாடியேறிச் சீட்டுக்கட்டை எடுத்துவந்து, வாசல் கதவைத் தாழிட்டு, வா, கழுதை ஆடலாம் என்று மகளைக் கூப்பிட்டாள். இனத்துக்கு இனம் போட வேண்டும். அந்த இனம் இல்லாதவர் வேறு சீட்டால் வெட்டலாம்; வெட்டு வாங்கியவர் கிடப்பதையெல்லாம் அள்ளிக்கொள்ள வேண்டும். கை காலியானவர் வெளியே போய்விடலாம். கடைசியில் சீட்டோடு மிஞ்சுகிறவர் கழுதை.

சரி, மூன்றாவது கை கிடக்கட்டும் என்று ஆட்டத்தைத் தொடங்கினாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவள் வாள் படம் போட்ட ஒரு சீட்டை இறக்க, வாலுவும் ஒரு வாளை இறக்க, ஈரத் துணி வாடையும் மிஷின் எண்ணெய் வாடையும் கலந்து கிடந்த அந்த மங்கிய அறையில், மிஷினின் மிதிகட்டை, யாரோ பாதத்தை வைத்து அழுத்தியதுபோல மெல்ல முனகி ஓய்ந்தது. திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்தாள். நடுவில் மூன்று வாள்கள் கிடந்தன.

"நீ ரெண்டு போட்டியா?"

"ஒண்ணுதாம்மா. இன்னொண்ணு அவங்க போட்டது."

மூன்றாவது கை கொஞ்சம் இளைத்திருந்தது.

போதும் என்று சீட்டை வாரக் கையை நீட்டினாள். புறங்கையில் சுளீரென்று ஓர் அடி விழுந்தது. சில்லிட்ட உள்ளங்கை. வாலுவின் இரண்டு கையிலும் சீட்டு இருந்தது.

ஆட்டத்தின் நடுவில் அது எழ விடாது. தையல்காரி கையை இழுத்துக்கொண்டாள். யாராவது மிஞ்சித்தான் ஆக வேண்டும் என்றால் அது தானாகவே இருக்கட்டும். பிள்ளை மட்டும் வெளியே போய்விட வேண்டும்.

வேண்டுமென்றே தோற்றாள். வந்த வெட்டையெல்லாம் தானே வாங்கிக் கையில் அடுக்கினாள். வாலுவின் கை இளைத்தது. மிதிகட்டை ஆடியது. வேகமாக. இன்னும் வேகமாக.

வாலு கடைசிச் சீட்டை இறக்கினாள்.

"அம்மா, நான் வெளியே."

அப்பாடா. தையல்காரிக்கு அழுகையே வந்துவிட்டது. முகத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

மிதிகட்டை நின்றது.

வாசல் கதவை யாரோ தட்டினார்கள்.

"அம்மா, கதவைத் திறம்மா. நனையறேன்."

வாலுவின் குரல்.

தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. ஸ்டூலடியில் சீட்டு இல்லை. எழ நினைத்தாள். கால் வரவில்லை.

எதிரே, வாலு இருந்த இடத்தில், வாலுவின் கவுனில், குனிந்த தலையோடு ஒரு பிள்ளை. தையல்காரியின் கையிலிருந்த சீட்டை ஒவ்வொன்றாக உருவியது. எல்லாவற்றையும் சேர்த்துக் கலைத்தது. ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

பிறகு இரண்டு கையாகப் போட்டது.